குருதியில் அலையும் கலப்புக் கலங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில், வாகரைக்கும் வெருகலுக்கும் இடைப்பட்ட கடற்கரைக் கிராமம் கதிரவெளி. வந்தவரை வெற்றிலை வட்டா வைத்து வரவேற்பது அப்பிரதேசத்தின் பழவழக்கம். இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுக்களுள் வாய்ப்புற்று முன்னிற்பதும், வெற்றிலையோடு மெல்லப்படும் பாக்கும் புகையிலையும் அதற்குக் காரணிகளாதலும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மைகள். அக்கிராமத்து முதியவர் ஒருவரின் கன்னத்துக் கட்டி அறுத்தகற்றப்பட்டுச் சில காலத்தின் பின் நுரையீரலிலே நோய் தலைகாட்டியபோது, "வேரோட எடுத்தாச்சி எண்டாங்களே, பிறகு அது எப்பிடி மகன் அங்க போச்சி?" என்று அவர்தம் மனைவியார் இக்கட்டுரையாளனை வினவினார். எளிய வினாவே. ஆயினும் அதற்கு விடைகாணும் முயற்சி நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தும் முற்றுப்பெறவில்லை.

1869 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் தோமஸ் அஷ்வேர்த் என்னும் மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் காலிலுள்ள நாளத்திலிருந்து குருதியெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினார். கட்டிகளிலே கண்ட அதே வடிவினவாய கலங்கள் குருதியிலும் மிதக்கக் கண்டார். கட்டிகளோ உடலின் மேற்பகுதியில் இருந்தன. அங்கிருந்து புறப்பட்ட கலங்களாயின், அவை குருதிச் சுற்றோட்டத்தின் பெரும்பகுதியைக் கடந்தே காலை அடைந்திருத்தல் வேண்டும் என அவர் நியாயங் கண்டார். ஆயினும், அவற்றைப் புற்றுக்கலங்கள் என்று துணிந்து கூறாது, கட்டியிலுள்ளவற்றை ஒத்த கலங்கள் என்றே தம் கட்டுரைத் தலைப்பிற் குறித்தார். (தமிழகத்தார் உயிரணு என வழங்குவதை நாம் கலம் என்கிறோம். கடலோடிகளின் கரையிற் பிறந்தவனுக்கு, குருதியில் மிதந்து வேற்றிடம் சேரும் இப்பொருளுக்கு அச்சொல் மிகப் பொருந்துவதாகவே தோன்றுகிறது.) இருபது ஆண்டுகளின் பின், 1889 இல், இலண்டன் மருத்துவர் ஸ்டீபன் பஜற் புற்றை விதைக்கும், அது சென்று பற்றும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டு விளக்கினார்.

விதை எத்தகையது என்ற வினா அப்போதும் எஞ்சியது. 1911 இல் ஜேர்மானியரான ஒற்றோ ஐக்கெல் புதுமையானதொரு கருத்தை வெளியிட்டார். கட்டியைத் தாக்க வரும் வெண்குழியம் கட்டிக்கலத்துடன் ஒன்றாய் இணைந்துவிடலாம். அவ்வாறு பிறக்கும் கலப்புக்கலம் நிறமூர்த்தங்கள் மிகுந்ததாகி, வெண்குழியத்தின் அலையும் இயல்பையும் பெற்றுவிடலாம் என்பது அதன் சாரம். காவலன் கள்வனோடு கூடிவிட்டான் என்பது போன்ற இக்கூற்று அன்று பெரிதும் எடுபடவில்லை. சோதித்துப் பார்க்க வழியும் இருக்கவில்லை.

வழி பிறந்தது அரை நூற்றாண்டின் பின்னரே. ஒசாக்காவில் ஒக்காடா என்பார் 1950களின் பிற்பகுதியிலே வைரசு ஒன்றினாற் கலங்களை ஒட்டவைக்க முடியுமெனக் காட்டினார். பாரிசு நகரையடுத்த ஆய்வுகூடத்தில் பார்ஸ்கி குழுவினர் 1960 இல் எலிக்கலங்கள் தாமே கலப்பதைக் கண்டனர். 1965 இல் ஒக்ஸ்போட்டில் ஹென்றி ஹரிஸ் மனிதக் கலத்தையும் எலிக்கலத்தையும் இணைத்தார். ஆனால் அவரே 1969 இல், புற்றுக்கலத்தை இயல்பான கலத்துடன் இணைத்தாற் புற்றுத்தன்மை அடங்கிவிடுகிறது எனச் சான்றுடன் நிறுவியபோது, ஐக்கெலின் கருத்து தலைகீழாக்கப்பட்டதாகவே பலருந் கருதினர். எனது எண்ணப்படி இதில் உண்மையான முரண் இல்லை. எக்கலம் எதனோடு கூடிற்று, கூடியபின் எந்த நிறமூர்த்தங்களை இழந்தது என்பவற்றைப் பொறுத்தே விளைவு அமைகின்றது.

இவ்விடத்தில் வரலாறு விசித்திரமானதொரு திருப்பத்தை அடைகின்றது. 1975 இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்ரைனும் எலியின் புற்றுக்கலமொன்றைப் பிறபொருளெதிரியைச் சுரக்கும் கலத்துடன் இணைத்து, ஒரேவகை எதிரியை ஓயாது சுரக்கும் கலப்புக்கலத்தை ஆக்கினர்; 1984 இல் நோபெல் பரிசும் பெற்றனர். இவ்வெதிரிகளே பின்னர் குருதியிற் புற்றுக்கலங்களைத் தேடும் கருவிகளாயின. அத்தேடலுக்கோ கசப்பான ஓர் அனுபவம் முன்னரே இருந்தது. 1955 இல் டென்மார்க்கின் எங்கெல் வெளியிட்ட ஆய்வை அடுத்துப் பலர் புற்றுக்கலங்களைக் கண்டதாக உற்சாகத்துடன் எழுதினர். 1960களில் மீளாய்ந்தபோது அவற்றுட் பல, குருதிச் சிறுதட்டுகளை ஈனும் பெருங்கலங்களும் பிற குருதிக்கலங்களுமே எனத் தெரியவந்தது. சூடுகண்ட பூனையாகிவிட்ட ஆய்வாளர், வெண்குழியத்தின் அடையாளமான சி.டி. 45 என்னும் புரதத்தைத் தாங்கிய எதனையும் புற்றுக்கலமாக எண்ணலாகாது என விதித்தனர். 2004 இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற எண்ணும் முறையிலும் இவ்விதியே நின்றது. 7.5 மில்லிலீற்றர் குருதியில் ஐந்தோ அதற்கு மேலோ புற்றுக்கலங்கள் இருப்பின், பரவிய மார்புப்புற்றுள்ளோர்க்கு நோய்ப்போக்கு மோசமென அம்முறை முன்னுரைத்தது.

விதி நியாயமானதே, அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயின் ஐக்கெல் கற்பனை செய்த கலம் இரு அடையாளங்களையும் ஒருங்கே தாங்குவது. அது ஒவ்வொரு முறையும் வெண்குழியமென ஒதுக்கப்பட்டது. கலப்புக்கலம் தந்த எதிரிகளாலான சல்லடையே கலப்புக்கலத்தைக் கழித்துவிட்டது.

யேல் பல்கலைக்கழகத்தின் ஜோன் பாவெலெக் 1990கள் தொட்டு, விழுங்குகலமும் கரும்புற்றுக்கலமும் இணைவதன் விளைவுகளை வற்புறுத்தி வந்தார். 2018 இல் ஒறிகனில் மெலிசா வொங் குழுவினர் ஒதுக்கப்பட்ட குப்பையையே ஆராய்ந்தனர். ஆடவரிடமிருந்து என்புமச்சை பெற்றுப் பின்னர் புற்றுக்கண்ட பெண்களின் கட்டிக்கலங்களில், ஆணுக்கே உரிய வை நிறமூர்த்தத்தை அவர்கள் கண்டனர். பெண்ணின் கட்டிக்கு அது மாற்றிடப்பட்ட மச்சையின் வழியாலன்றி வந்திருத்தல் அரிது. கணையப் புற்றுள்ளோர் குருதியிலோ, வழமையான புற்றுக்கலங்களிலும் பார்க்கக் கலப்புக்கலங்களே மிகுந்திருந்தன. அவற்றின் தொகை நோயின் படிநிலையோடும் ஆயுட்காலத்தோடும் தொடர்புற்றிருந்தது. கலங்கள் மெய்யாகவே இணைந்தனவா, அன்றி விழுங்குகலம் புற்றுக்கலத்தை உண்டதன் எச்சமா என்ற விவாதம் ஒவ்வொரு கலத்தைப் பொறுத்தும் எழக்கூடியதே. 1960களின் தவறு மறக்கப்படலாகாது.

கதிரவெளி அம்மையாரிடம், கத்தி தொடுமுன்னரே சில கலங்கள் புறப்பட்டிருக்கலாம் என்றும், கட்டியைத் தின்ன வந்த குழியத்தையே அவற்றுட் சில தோணியாக்கியிருக்கலாம் என்றும் சொன்னேன். "அப்ப முதலே பாத்திருக்கலாமோ?" என்றார். கலப்புக்கலங்களை எண்ணுதல் இன்னும் ஆய்வுகூடத்தை விட்டு வெளிவராத முறை. ஆனால் கன்னத்தின் உட்புறத்தில் வெண்டிட்டாகவோ செந்திட்டாகவோ நோய் தொடங்குங் காலத்தில், வாயைத் திறந்து வெளிச்சத்திற் பார்த்தாலே தெரியும். அதையும் அவருக்குச் சொன்னேன். அவர் தம் வட்டாவைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு, மகனை அழைத்து வாயைத் திறக்கச் சொன்னார்.