இணையவழி செஸ்: தொடர்பு அறுந்தால் ஆட்டத்தின் முடிவு என்ன?

பெங்களூரு: இணையவழி செஸ் ஆட்டத்தின் நடுவே தொடர்பு அறுந்தாலும் கடிகாரம் நிற்பதில்லை. 2020 ஆகஸ்ட் 30 அன்று நடைபெற்ற ஃபிடே இணையவழி ஒலிம்பியாட் இறுதிப்போட்டியில் இந்திய அணி இதை நேரடியாக எதிர்கொண்டது. ரஷ்யாவுக்கு எதிரான முதல் சுற்று 3-3 எனச் சமனில் முடிந்திருந்தது. இரண்டாவது சுற்றில் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகியோரின் இணைப்பு துண்டிக்கப்பட, இருவரும் நேரம் தீர்ந்து தோற்றதாகப் பதிவானது.

கடிகாரத்தை இயக்குவது யார்?

நேரில் ஆடும்போது, காயை நகர்த்திய வீரரே கடிகாரத்தை அழுத்துவார். இணையத்தில் அப்பணியைச் சர்வர் மேற்கொள்கிறது. சர்வரில் பதிவாகும் நேரமே அதிகாரப்பூர்வமானது. அல்சூரில் ஒருவர் கைப்பேசியில் செய்யும் நகர்வு, வெளிநாட்டிலுள்ள சர்வரைச் சென்றடையச் சிறிது நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தை லிசெஸ் போன்ற தளங்கள் குறிப்பிட்ட வரம்புக்குள் ஈடுசெய்கின்றன. இணைப்பு முற்றிலும் அறுந்துவிட்டால் இந்தச் சலுகை உதவாது.

நேரம் தீர்ந்தால் தோல்வி உறுதியா?

எப்போதும் இல்லை. எதிராளியிடம் ராஜா மட்டுமே எஞ்சியிருந்தால் ஆட்டம் டிரா ஆகும். எவ்வகையில் காய்களை நகர்த்தினாலும் எதிராளியால் செக்மேட் செய்ய இயலாது எனில் டிரா என்பது ஃபிடே விதி. எனினும், தளங்களுக்கிடையே வேறுபாடு உண்டு. நேரம் தீர்ந்தவரிடம் ராஜா மட்டும், எதிராளியிடம் ராஜாவும் இரு குதிரைகளும் இருந்தால், ஃபிடே விதிப்படி எதிராளிக்கு வெற்றி, செஸ்.காம் தளத்தில் அது டிரா.

இறுதி முடிவு யாருடையது?

பெரிய போட்டிகளில் சர்வரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அதே ஒலிம்பியாட்டில், ஆகஸ்ட் 28 அன்று நடந்த காலிறுதியில், நிஹால் சரினுக்கு எதிராக ஆடிய அர்மீனியாவின் ஹைக் மார்ட்டிரோசியன் இணைப்பை இழந்து தோற்றார். அர்மீனியாவின் மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது. அந்த அணி விலகியதால் இந்தியா அரையிறுதிக்கு முன்னேறியது.

இறுதிப்போட்டியின்போது நிலைமை வேறாக இருந்தது. அன்றைய உலகளாவிய இணையத் தடங்கல் இந்தியா உட்படப் பல நாடுகளைப் பாதித்ததாக ஃபிடே தெரிவித்தது. மேல்முறையீட்டுக் குழுவில் ஒருமித்த கருத்து எட்டப்படாத நிலையில், ஃபிடே தலைவர் அர்காடி டிவோர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கப்பதக்கம் வழங்க முடிவெடுத்தார். ஒலிம்பியாட் வரலாற்றில் இந்தியா அணியாகப் பெற்ற முதல் தங்கம் அதுவே.

அன்றாட ஆட்டங்களில் பொதுவாக இத்தகைய மறுபரிசீலனைக்கு இடமில்லை. நேரம் தீரும் முன் மீண்டும் இணைந்தால், விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடரலாம். எனினும், லிசெஸ் தளத்தில் ஒருவர் நீண்ட நேரம் தொடர்பில் இல்லாவிட்டால், கடிகாரம் தீரும் முன்னரே எதிராளி வெற்றியைக் கோர இயலும்.