யுத்த அறிக்கைகளும் பொதுஜன அவநம்பிக்கையும்

யுத்தத்தைப் பற்றியும் பயங்கரவாதத்தைப் பற்றியும் சர்க்கார்கள் வெளியிடும் அறிக்கைகளைப் பொதுஜனங்கள் நம்ப மறுக்கிறார்கள் என்ற முறையீடு இன்று ஜனநாயக நாடுகளின் ஆட்சிபீடங்களிலிருந்து அடிக்கடி எழுகிறது. இதற்கு ஜனங்களின் அறியாமையையும், வதந்திகளில் அவர்களுக்குள்ள ருசியையும் காரணமாகக் காட்டிவிட்டு அமைதி கொள்வது ஆள்வோருக்குச் சௌகரியமாக இருக்கலாம். ஆனால், பிரிட்டிஷ் சரித்திரத்தில் ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த இரண்டு சம்பவத் தொடர்களை அருகருகே வைத்து நோக்குவோருக்கு அக்காரணம் போதுமானதாகத் தோன்றாது. அவநம்பிக்கையை விளைவித்தவர்கள் பெரும்பாலும் சர்க்கார்களே என்பதும், அதன் தண்டனையை அனுபவித்தவர்கள் பிற்காலத்தில் உண்மையான துயரத்தோடு உலகின் முன் சாட்சி சொல்ல வந்த வேற்று நாட்டார் என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெல்ஜியத்துக்குள் புகுந்த ஜெர்மானியச் சேனை, தினான் என்னும் சிற்றூரில் மட்டும் 674 குடிமக்களைக் கொன்றது. லூவேன் நகரத்துச் சர்வகலாசாலையின் நூலகத்தைத் தீக்கிரையாக்கியது. பெல்ஜியத்திலும் வட பிரான்சிலுமாக அந்தச் சில மாதங்களில் மாண்ட குடிமக்கள் ஏறத்தாழ 6,500 பேர் என்று ஹார்ன், கிரேமர் என்ற சரித்திராசிரியர்கள் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் நிர்ணயித்திருக்கிறார்கள். உண்மையே இவ்வளவு கொடியதாக இருக்கையில் அதற்கு மேலும் ஏதேனும் சேர்க்க வேண்டிய அவசியம் யாதொன்றும் இல்லை. ஆயினும், பிரைஸ் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1915 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, பிரமாணம் செய்யாத சாட்சியங்களை, அக்குழுவினர் எந்தச் சாட்சியையும் நேரில் விசாரியாத நிலையிலேயே ஏற்று, நடந்த கொலைகளோடு நம்பத்தகாத கோரக் கதைகளையும் கலந்து உலகுக்கு அளித்தது. 1917 ஏப்ரலில் இதைவிடப் பெரிய அநர்த்தம் நேர்ந்தது. ஜெர்மானியர் தங்கள் போர்வீரர்களின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கிறார்கள் என்ற செய்தி லண்டன் டைம்ஸ் முதலிய பத்திரிகைகளில் வெளியாயிற்று. உண்மையில் அச்செய்தி குறிப்பிட்ட ஆலை இறந்த விலங்குகளைக் காய்ச்சும் ஆலையே. காமன்ஸ் சபையில் அதுபற்றிக் கேள்வி எழுந்தபோது, மந்திரி ராபர்ட் செசில் பிரபு அச்செய்தியை ஊர்ஜிதமும் செய்யாமல் மறுக்கவும் செய்யாமல், ஜெர்மானியரின் பிற செயல்களை நோக்கினால் அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை என்ற கருத்துப்பட விடையளித்தார். சர்க்கார் தன் வாயால் பொய் சொல்லாமலே பொய்யைப் பரவவிடும் தந்திரத்துக்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1925 டிசம்பரில், அயல்நாட்டு மந்திரி ஆஸ்டன் சேம்பர்லின் அக்கதைக்கு ஆதாரமில்லை என்ற ஜெர்மானிய மறுப்பை அதே சபையில் ஏற்றுக்கொண்டார். 1928-இல் ஆர்தர் பான்சன்பி இத்தகைய பொய்களைத் தொகுத்து ஒரு நூலே வெளியிட்டார். விளைவு யாதெனில், கற்பனையோடு தினானின் பிணங்களும் பிரசாரம் என்ற குப்பைக்குள் தள்ளப்பட்டன.

இதன் பலன் 1943-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், போலந்தில் நடைபெறும் குற்றங்களைப் பற்றி பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து வெளியிடவிருந்த பிரகடனத்தில், விஷவாயு அறைகளில் மனிதர் கொல்லப்படுகின்றனர் என்ற வாசகம் இடம்பெற்றிருந்தது. பிரிட்டிஷ் கூட்டு உளவுக் குழுவின் தலைவராயிருந்த கேவண்டிஷ்-பெண்டிங்க், போதிய சான்று இல்லையென்று அதனை ஆட்சேபித்தார். ஜெர்மானியர் யூதர்களை அழிக்க முனைந்திருப்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால், வாயு அறைகளைப் பற்றிய செய்தி, முந்திய யுத்தத்தில் கிளப்பப்பட்ட பிணக்கொழுப்புக் கதையை அவருக்கு நினைவூட்டியது. அந்தப் பொய்யினால்தான் உண்மையான கொடுமைகளும் வெறும் பிரசாரமென்று ஒதுக்கப்பட்டன என்று அவரே குறிப்பெழுதினார். வாசகம் நீக்கப்பட்டது. பெல்செக் முகாமில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் 1942 முடிவதற்குள்ளேயே விஷவாயுவால் மாய்க்கப்பட்டிருந்தனர். உலகத்தின் அசிரத்தைக்கு யூத துவேஷமும், குற்றத்தின் கற்பனைக்கெட்டாத பரிமாணமும் காரணங்களாயிருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் பழைய பொய்யின் பங்கை அதிகாரியின் கையெழுத்தே காட்டிக்கொடுக்கிறது. ஒரு சர்க்கார் தான் கிளப்பிய புழுதியில் தானே கண்ணிழந்து நின்றதை எண்ணுந்தோறும் மனம் பதறுகிறது.

இரண்டாவது தொடரிலும் அதே உளவுக் குழுவைச் சந்திக்கிறோம். 2002 செப்டம்பர் 24-இல் அக்குழுவின் மதிப்பீடுகளை ஆதாரமாகக் காட்டிப் பிரிட்டிஷ் சர்க்கார் வெளியிட்ட அறிக்கை, ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்றும், அவற்றுள் சிலவற்றை 45 நிமிஷங்களில் பிரயோகிக்கக் கூடுமென்றும் கூறியது. யுத்தம் நடந்தது, ஆயுதக் கிடங்குகள் அகப்படவில்லை. உளவுச் செய்திகளின் குறைபாடுகளைப் பற்றிய எச்சரிக்கைகள் அறிக்கையில் போதிய அளவு தெளிவாக்கப்படவில்லை என்று 2004 ஜூலையில் பட்லர் பிரபுவின் விசாரணை முடிவு கூறிற்று. குழுவுக்குத் தெரிந்திருந்த சந்தேகம் பிரஜைகளுக்கு எட்டவில்லை என்பதே இதன் பொருள்.

2013 ஆகஸ்டு 21-இல் டமாஸ்கஸுக்கு அருகிலுள்ள கூட்டாவில் நச்சுவாயுவால் நூற்றுக்கணக்கானோர் உண்மையாகவே மாண்டனர். சிரியா சர்க்காரே பெரும்பாலும் பொறுப்பாக இருக்குமென்று கூட்டு உளவுக் குழு 29-ஆம் தேதி தெரிவித்தது. அன்றிரவே காமன்ஸ் சபை, ராணுவ நடவடிக்கைக்கு வழிகோலும் தீர்மானத்தை 285-க்கு 272 என்ற வாக்குகளால் நிராகரித்தது. விவாதம் முழுவதிலும் ஈராக்கின் நிழல் படிந்திருந்தது. பிரதமர் கேமரனே பொதுஜன அபிப்பிராயத்தை ஈராக் விவகாரம் கெடுத்துவிட்டதை ஒப்புக்கொண்டார். அவ்வாக்கு தவறானதென்று நான் வாதிக்கவில்லை. யுத்தத்தை மறுக்கத் தக்க நியாயங்கள் பல இருந்தன. ஆனால் யுத்தம் வேண்டுமா என்ற கேள்வியோடு நில்லாமல், மாண்டவர்கள் மெய்யாகவே மாண்டார்களா என்ற கேள்வியும் பலர் நாவில் எழுந்ததே, அதைத்தான் மன்னிக்க இயலவில்லை. ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் செப்டம்பர் 16-இல் ஸாரின் வாயுவின் பிரயோகத்தை ஊர்ஜிதம் செய்த பின்னரும் அந்தக் கேள்வி ஓயவில்லை.

ஆகவே ஜனங்களைக் கடிவதில் பயனில்லை. அவர்களுடைய சந்தேகத்தைப் போற்றுவதும் போதாது. உளவுக் குழுவின் மதிப்பீடு எதன்மேல் நிற்கிறது, எது அனுமானம், எதில் அதற்கே ஐயம் என்ற விவரங்கள் அனைத்தும், சாட்சிகளின் உயிருக்கு ஊறு நேராத மட்டில், யுத்தத்துக்கு வாக்களிக்கும் முன்னரே பார்லிமெண்டின் மேஜைமீது வைக்கப்பட வேண்டும். சேம்பர்லின் ஒப்புக்கொண்டது எட்டாண்டுகள் கழித்து. பட்லர் கண்டது யுத்தம் தொடங்கி ஓராண்டுக்கு மேல் கழித்து. இந்தத் தாமதத்தை இனிச் சகிக்கலாகாதென்று வற்புறுத்தும் கடமை, பிற்காலத்தில் ஆவணங்களைத் திறந்து படிக்கும் சரித்திர மாணவர்களாகிய நமக்கே முதலில் உண்டு. அவ்விவரங்களை நாம் வெளிப்படையாகக் கேட்கத் தொடங்க வேண்டும்.