ஆச்சி வீடு எத்தனை சதுர அடி?

ஏப்ரல்ல புதுவயல் போயிருந்தப்போ பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு காகிதத்தைக் கொண்டாந்து கையில கொடுத்தாக. "தம்பி, இதுல எவ்வளவு போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லப்பா." வீட்டு வரி. ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயசு. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுற வீடு. அதுல ஆச்சி புழங்குறது ஒரு அறையும் கொஞ்சம் பத்தியும்தான். மத்த அறையெல்லாம் பங்காளிகள் பூட்டு. வீட்டுக்காரர் தனியார் கம்பெனியில வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போனப்புறம் வர்றது பி.எஃப். ஓய்வூதியம், மாசம் 1000 ரூபாய். (அந்த 1000 கூட 2014 செப்டம்பர்லதான் குறைந்தபட்சம்னு நிர்ணயம் ஆச்சு. அதுக்கு முன்னாடி இன்னும் மோசம்.)

வீட்டுக்கு வரிங்கிற சமாச்சாரம் நம்ம ஆளுகளுக்கு முதல்லேர்ந்தே பிடிச்சதில்லை. 1810ல கம்பெனி அரசாங்கம் காசியில வீட்டு வரி போட்டப்போ ஊரே கடையைச் சாத்திட்டு வெளியில போய் உக்காந்துருச்சு. கடைசியில அரசாங்கம் வரியை வாபஸ் வாங்க வேண்டியதாப்போச்சு. தரம்பால் இதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதியிருக்கார். ஆனா பின்னாடி சென்னை மாகாணத்துல 1871, 1884 சட்டங்கள் வழியா ஊருக்கு ரோடு, விளக்கு, சுகாதாரம்னு காரணம் சொல்லி வீட்டு வரி நிலைச்சுருச்சு. காரணம் நியாயமானதுதான். சாக்கடை அள்ள காசு வேணுமே.

சரி, கணக்குக்கு வருவோம். 1920ம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம் வரியை எப்படிப் போடச் சொல்லுச்சுன்னா, வீட்டுக்காரர் எவ்வளவு சம்பாதிக்கிறார்னு பார்க்காது. வீட்டை வாடகைக்கு விட்டா வருஷத்துக்கு என்ன கிடைக்கும்? அதுல ரிப்பேருக்குன்னு பத்து சதவீதம் கழிச்சுட்டு மிச்சத்துக்கு வரி. செட்டிநாட்டு வீட்டை யார் வாடகைக்கு விட்டாங்க, யார் எடுத்தாங்க? கல்யாணத்துக்கும் படைப்புக்கும் கட்டின வீடு. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் வந்தது கொண்டுவித்த காசுல. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள நுழைஞ்சான். அதுக்கப்புறம் அங்க இருந்த நிலமும் 1948லேர்ந்து சட்டம் போட்டு கையை விட்டுப் போச்சு. காசு வர்றது நின்னுச்சு, வீடு மட்டும் அதே நீளத்துல நின்னுச்சு. அந்த நீளத்துக்குத்தான் வரி.

அதே சட்டத்துல ஒரு வேடிக்கை இருந்துச்சு. வீடு தொடர்ந்து முப்பது நாள் காலியாக் கிடந்தா, எழுதிக் கொடுத்து வரியில பாதி வரைக்கும் தள்ளுபடி கேட்க முடிஞ்சுது. அதாவது வீட்டைப் பூட்டிட்டு சென்னையில மகன் வீட்டுல உக்காந்தா சலுகை. விளக்கேத்த ஆள் வேணும்னு தனியா கிடக்குற ஆச்சிக்கு ஒண்ணும் இல்லை.

2022 ஏப்ரல்ல பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனையைச் சொல்லி தமிழ்நாடு அரசு சொத்து வரியை உயர்த்துச்சே, அதுலயும் இதே கதைதான். பேரூராட்சிகள்ல 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100 சதவீத உயர்வு. சின்ன வீட்டுக்காரரைக் காப்பாத்துற நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். பட்டணத்துக்கு அது பொருந்தும். இங்க பெரிய வீட்டுல இருக்குறவர் பெரிய ஆளுன்னு எடுத்துக்கிட்டா எப்படி? அந்தப் பட்டியல்ல சதுர அடி இருக்கு, வயசு இல்லை.

முதியோர் ஓய்வூதியம் இருக்கேன்னு கேட்பீங்க. தமிழ்நாட்டுல அது 1962 ஏப்ரல் 1ல ஆரம்பிச்சது, காமராஜர் காலம், மாசம் 20 ரூபாய். 2011ல 1000, 2023ல 1200 ஆச்சு. ஆனா அது ஆதரவற்றவர்களுக்கு. சொத்துக்கு வரம்பு உண்டு. வரி போடுறப்போ வீடு பெருசா இருக்குறதால ஜாஸ்தி, உதவி கேட்கப் போனா வீடு இருக்குறதாலேயே கிடையாது.

வெளியூர்ல இதை யோசிச்சிருக்காங்க. டில்லி மாநகராட்சியில மூத்த குடிமக்கள் தாங்களே குடியிருக்குற வீட்டுக்கு 200 சதுர மீட்டர் வரைக்கும் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம் 1964லயே வயசானவங்க வருமானத்தைப் பார்த்து, அதுக்கு மேல வரி போகாம திருப்பிக் கொடுக்க ஆரம்பிச்சது. கலிபோர்னியாவுல 1978ல ஓட்டுப் போட்டு எல்லாருக்குமே வரம்பு கட்டினாங்க. அது எனக்கு அவ்வளவா உடன்பாடில்லை. நேத்து வீடு வாங்கினவர் பக்கத்து வீட்டுக்காரரை விடப் பல மடங்கு கட்டுற நிலைமை வந்துருச்சு. விஸ்கான்சின் வழிதான் சரின்னு படுது.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம நகரக் கோயில் வரியையே எடுத்துக்குங்க. கல்யாணம் ஆன தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவங்க அரைப்புள்ளி. வரியும் பாதி. வீட்டு நீளத்தை யாரும் அளக்குறதில்லை.

இதைச் சொன்னதும் ஆச்சி, "அப்ப கோயிலுக்கு நான் அரைப்புள்ளி, இவுகளுக்கு மட்டும் முழுப்புள்ளியா?"ன்னு கேட்டாக. என்கிட்ட பதில் இல்லை. ஏப்ரல் 30க்குள்ள கட்டினா அஞ்சு சதவீதம் ஊக்கத்தொகை கழியும்னு சொன்னேன். உள்ள போய் ஒரு பழைய ஓவல்டின் டப்பாவோட வந்தாக. எண்ணிப் பார்த்தோம். பங்காளிகள்ல மலேசியாவுல இருக்குறவருக்குப் போன் போட்டு அவர் பங்கையும் கேட்கணும்னு முடிவாச்சு.