ஊடை இல்லாத பாவு

திருப்பூரை அடுத்த பல்லடத்திலிருந்தோ மங்கலத்திலிருந்தோ ஒரு தறிக்காரரை ஊட்டிப் பக்கத்து முத்தோரைக்கு அழைத்துப்போனால், மலைச்சரிவில் நிற்பது அவர் கண்ணுக்குப் பாவாகத்தான் தெரியும். 1,100 இழைகள், ஒவ்வொன்றும் 530 மீட்டர் நீளம். ஆனால் ஊடை கிடையாது; இழை ஒவ்வொன்றும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி.

1970-ல் இயங்கத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி அது. அமெரிக்காவிலிருந்து 1963-ல் திரும்பி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப்பின் கனவு. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. சரிவும் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். இந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததே பாதி வெற்றி.

கம்பிகளுக்கு நடுவே மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. வந்து விழும் ரேடியோ அலையின் நீளமோ 92 சென்டிமீட்டர். ஆகவே அலைக்கு அந்தச் சந்துகள் தெரிவதில்லை. முழுக் கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்புகிறது.

முதலில் நிலாவே துணைக்கருவி. தொலைதூர ரேடியோ மூலத்தை நிலா மறைக்கும்போது சமிக்ஞை எப்படித் தேய்கிறது என்று பார்த்து மூலத்தின் அளவைக் கணித்தார்கள்.

சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் விண்மீன்களான பல்சார்கள் வேறு வகைச் சோதனை. அவற்றின் துடிப்பு நம்மை அடையும் வழியில் விண்வெளி எலெக்ட்ரான்கள் குறுக்கிடும். அதிர்வெண் குறைந்த அலை பின்தங்கும். பாவின் குறுக்கே மையால் ஒரு கோடு போட்டுவிட்டு, இழைகளை ஒவ்வொன்றாக வெவ்வேறு அளவில் தளர்த்தினால் கோடு என்ன ஆகும்? சிதறி அகன்றுவிடும்; துடிப்புக்கு நேர்வதும் அதேதான். வேலா பல்சார் நொடிக்கு சுமார் 11 முறை துடிக்கிறது. ஊட்டியின் 326.5 மெகாஹெர்ட்ஸில், 16 மெகாஹெர்ட்ஸ் அகலப் பட்டையில், ஒரு துடிப்பு கால் நொடிக்கு இழுபட்டுவிடும். அதற்குள் அடுத்த இரண்டு துடிப்புகளும் மேலே ஏறிவிடும்.

இதை நேராக்கும் பழைய வழி, பட்டையைப் பல சிறு வாய்க்கால்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் தாமதத்துக்கேற்ப முன்னே இழுப்பது. கோடு ஓரளவு நேராகும். ஆனால் வாய்க்காலுக்குள் இருக்கும் கலங்கல் போகாது. கலங்கலையும் போக்க வேண்டுமென்றால், விண்வெளி செய்த சிதைவை அப்படியே தலைகீழாகச் செய்யும் கணித வடிகட்டி வேண்டும். அதற்குச் சிறு வாய்க்கால்களின் சராசரி போதாது. அலையே மாதிரிகளாகக் கணினிக்குள் வர வேண்டும். கணக்கோ மலைபோல.

அருண் நாயுடு, பால்சந்திர ஜோஷி, பி.கே. மனோகரன் உள்ளிட்டோர் 2015-ல் வெளியிட்ட ‘பாண்டர்’ அமைப்பு இந்தக் கணக்கைக் கிராஃபிக்ஸ் சிப்புகளிடம் ஒப்படைத்தது. வீடியோ கேம் படங்களுக்காகப் பிறந்த சிப்புகள் அவை. பதிவுசெய்து வைத்துப் பிறகு நாட்கணக்கில் பிரிக்க வேண்டிய சிக்கலை, பல்சார் வானில் இருக்கும்போதே அவை அவிழ்த்து நேராக்கின.