மின்னோட்டம் பெருகிய காலம்: ரேடியோ கார்களும் அவற்றின் மின்கல இணைப்பிகளும்

பஹாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங் நகரை அடுத்த சுங்கை பாலாஸ் உள்ளிட்ட தேயிலைத் தோட்டங்களின் சரிவுகளில், விரலால் கிள்ளிக் கொழுந்தெடுக்கும் பழைய முறையின் இடத்தைப் பெருமளவுக்குக் கத்தரியும், இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் செடியின் மேல் நகர்த்திச் செல்லும் வெட்டு இயந்திரமும் பிடித்துக்கொண்டன. ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் 1929ஆம் ஆண்டில் போ தோட்டத்தைத் தொடங்கியபோது மலைநாட்டுத் தேயிலை கங்காணிமார் திரட்டிவந்த தமிழர்களின் கைகளை நம்பியிருந்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியதும், பின்னாளில் தோட்டத்துப் பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் பெயர்ந்ததும் அந்தக் கைகளைக் குறைத்தன. இவ்வகை வெட்டு இயந்திரத்தை வளர்த்தெடுத்ததில் பெரும்பங்கு ஜப்பானின் பழம்பெரும் தேயிலை மாநிலமான சிசுவோகாவினுடையது. ரேடியோ அலையால் இயக்கப்படும் விளையாட்டுக் கார்களின் வரலாற்றிலும் அதே மாநிலமே முதன்மை பெறுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

சிசுவோகா நகரில் 1946இல் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கிய தமியா நிறுவனம், மரப் பொம்மைகளிலிருந்து பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு மாறி, 1976இல் போர்ஷே 934 என்னும் தன் முதல் ரேடியோ காரை வெளியிட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் இத்தகைய கார்களுக்கு 1.2 வோல்ட் நிக்கல்-காட்மியக் கலங்கள் ஆறைத் தொடராகக் கோத்த 7.2 வோல்ட் மின்கலப் பொதி வழக்கமாயிற்று. பொதியையும் காரையும் இணைக்க அமைந்த வெள்ளை நைலான் இணைப்பி, அதாவது இரு முனைக் கனெக்டர், நிறுவனத்தின் பெயராலேயே தமியா பிளக் எனப்பட்டது. ஒரு துளை சதுரமாகவும் மற்றது ஒரு பக்கம் வளைந்தும் இருந்ததால், நேர்முனையும் எதிர்முனையும் மாறிச் சேர வழியில்லை. சிறுவர்களும் கையாளும் பொருளுக்கு இது மிக நல்ல ஏற்பாடு. ஆயினும் உள்ளிருந்த தகட்டு ஊசிகள் ஏறத்தாழ 15 ஆம்பியர் அளவிலான மின்னோட்டத்துக்கே ஏற்றவை.

இந்த எல்லையை உடைத்தது பிரஷ்லெஸ் மோட்டார். பழைய மோட்டாரில் கரித்தூரிகைகள் சுழலும் கம்பிச்சுருளோடு இணைந்த தொடுதகடுகளை உரசியபடி மின்சாரத்தை ஊட்டின. பிரஷ்லெஸ் மோட்டாரிலோ சுருள் நிலையாக இருக்க, காந்தம் சுழல, எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் செல்ல வேண்டும் என்பதை மின்னணுச் சுற்று முடிவுசெய்கிறது. வில்சனும் டிரிக்கியும் 1962இல் விவரித்த இக்கருத்து, நியோடிமியக் காந்தமும் மலிவான மின்னணுப் பாகங்களும் வந்த பிறகே பொழுதுபோக்குக் கார்களை எட்டியது. 2000களில் அதனுடன் லித்தியம்-பாலிமர் மின்கலமும் சேர்ந்தபோது, சிறு கார் ஒன்று வேகமெடுக்கும் கணத்தில் நூறு ஆம்பியரையும் இழுக்கக்கூடியதாயிற்று.

இணைப்பியின் பிரச்சினை இங்கே வெப்பமாக வெளிப்படுகிறது. தொடுமுனையில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கே தடை உள்ள மூட்டில் 15 ஆம்பியர் செல்லும்போது கால் வாட்டுக்கும் குறைவாக இருக்கும் இழப்பு, 100 ஆம்பியரில் 10 வாட் ஆகிவிடுகிறது. தமியா பிளக்குகள் பழுப்பேறி உருகியதற்கு இந்தக் கணக்கே காரணம். தயாரிப்பில் நேர்ந்த குறையென்று அதைக் கூறுவது நியாயமாகாது.

மாற்றுகள் பல திசைகளிலிருந்து வந்தன. அமெரிக்காவின் டீன்ஸ் நிறுவனம், தட்டையான தகடுகளை வில்விசையால் அழுத்தும் டி வடிவப் பிளக்கைக் கொடுத்தது. அது பந்தயக்காரர்களிடையே நெடுங்காலம் ஆட்சி செய்தாலும், அதைப் பார்த்துச் செய்த மலிவுப் பிரதிகளின் உடல் ஈயப்பற்றின் சூட்டிலேயே இளகியது. பிறகு உருளை ஊசி வந்தது. 3.5 மில்லிமீட்டர் ஊசி கொண்ட இசி3, 5 மில்லிமீட்டர் ஊசி கொண்ட இசி5, சீனாவின் அமாஸ் நிறுவனம் தயாரிக்கும் எக்ஸ்டி60, எக்ஸ்டி90 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. கடைசி இரண்டின் பெயரிலுள்ள எண்கள் ஏறத்தாழ அவை தாங்கும் ஆம்பியரைக் குறிக்கின்றன. ஈயம் பற்றுவதற்கு எளிதாகவும் விலை குறைவாகவும் இருந்ததே அவை வேகமாகப் பரவியதற்குப் போதுமான காரணம்.

இணைப்பியைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் காரின் உச்ச வேகத்தையே பார்க்கின்றனர். பிரிஞ்சாங் போன்ற மலையூர்களின் ஏற்றப் பாதைகளுக்கு அந்த அளவுகோல் போதாது. ஏற்றத்தில் மோட்டார் இடைவிடாமல் மின்னோட்டத்தை இழுப்பதால், ஒரு நொடி தாங்கும் அளவைவிடத் தொடர்ந்து தாங்கும் அளவே முக்கியமாகிறது. மூடுபனியின் ஈரம் தொடுமுனையை அரித்துத் தடையை ஏற்றுமாதலால் பொன்முலாம் பூசிய ஊசிகளுக்கு இங்கே உண்மையான பயன் உண்டு. மின்னழுத்தத்தை உயர்த்துவது இன்னொரு வழி. 7.4 வோல்ட்டில் 300 வாட்டுக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் தேவைப்பட, 11.1 வோல்ட்டில் 27 ஆம்பியரே போதும். மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் அந்த அழுத்தத்துக்கு உரியவையாக இருந்தால், அதே மூட்டில் வெப்பம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் அழுத்தம் மிகும்போது, கட்டுப்பாட்டுக் கருவியின் மின்தேக்கிகள் நிரம்பும் கணத்தில் எழும் தீப்பொறி ஊசிமுனையைக் குழியாக்குகிறது. முதலில் ஒரு மின்தடையின் வழியே தொட்டு, பிறகு முழுமையாகச் சேரும்படி எக்ஸ்டி90-எஸ் வடிவமைக்கப்பட்டது இதற்காகவே.