பாபி ஜோன்ஸின் ஏழு வறண்ட ஆண்டுகள்

ஒரு கலையைக் கற்கத் தொடங்குபவன் விரைவாக முன்னேறுகிறான். நாள்தோறும் புதிய ஒன்று கைவருகிறது. அதன் பயனும் உடனே தெரிகிறது. ஆனால், ஓரளவு தேர்ச்சி பெற்றவனின் நிலை வேறு. கையும் கண்ணும் பழகிவிட்டன, திறமைக்கும் குறைவில்லை, ஆயினும் முன்னேற்றம் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அங்கிருந்து மேலே ஏறும் வழி எது என்பது ஆசிரியரையும் மாணவரையும் ஒருங்கே வாட்டும் வினாவாகும். கோல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவானதொரு விடையைத் தருகிறது. அவ்விடையைத் தம் வாழ்க்கையாலேயே எழுதிக் காட்டியவர் அமெரிக்கரான பாபி ஜோன்ஸ்.

கணக்கும் சலுகையும்

கோல்ப் ஆட்டத்தில் 18 குழிகள் உண்டு. மிகக் குறைந்த அடிகளில் பந்தை எல்லாக் குழிகளிலும் சேர்ப்பவரே வெற்றி பெறுகிறார். ஒவ்வொரு குழிக்கும், திறமை மிக்க ஆட்டக்காரர் ஒருவர் எத்தனை அடிகளில் ஆட வேண்டும் என்பதற்கு ஓர் அளவு வகுக்கப்பட்டுள்ளது. அதற்குப் பார் எண் என்று பெயர். பெரும்பாலான திடல்களில் 18 குழிகளுக்குமான பார் எண் 72 அல்லது அதனையொட்டி அமைந்திருக்கும்.

எல்லாரும் அந்த அளவை எட்டிவிட முடியாது. ஆகவே, திறமையில் வேறுபட்டவர்களும் ஒருவரோடொருவர் சமமாக ஆடுவதற்கு வழி செய்ய எழுந்ததே ஹேண்டிகேப் என்னும் சலுகை எண்ணாகும். பார் எண் 72 ஆக உள்ள திடலில், தம் நல்ல ஆட்டங்களில் 82 அடிகளில் முடிக்கும் ஒருவரின் சலுகை எண் ஏறத்தாழப் பத்து எனலாம். இந்த எண் குறையக் குறைய ஆட்டக்காரரின் தகுதி உயர்கிறது.

இக்கணக்குக்கு ஒழுங்கானதொரு முறையை 1905ஆம் ஆண்டில் லெய்ட்டன் கால்கின்ஸ் என்னும் அமெரிக்கர் முன்வைத்தார். அதனை அடியொற்றி 1911இல் அமெரிக்கக் கோல்ப் சங்கம் நாடு தழுவிய முறையொன்றை ஏற்றுக்கொண்டது. பல நாடுகளில் பலவாறாக வழங்கிய முறைகள் 2020ஆம் ஆண்டில் ஒரே உலக முறையாக இணைக்கப்பட்டன. அம்முறையின்படி, ஒருவர் கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களுள் மிகச் சிறந்த எட்டின் சராசரியைக் கொண்டே அவரது எண் கணிக்கப்படுகிறது.

இதில் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. தேர்ச்சி பெற்ற அமெச்சூர் ஆட்டக்காரர், அதாவது ஊதியம் கருதாது விருப்பத்தால் ஆடுபவர், 18 குழிகளிலும் மோசமாக ஆடுவதில்லை. பதினாறு குழிகளை நன்றாக ஆடி, எஞ்சிய இரண்டில் நிலை தடுமாறி, நல்லதோர் ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்கிறார். சிறந்த எட்டனுள் இடம் பெற்றிருக்க வேண்டிய ஆட்டம் அவ்வாறு கழிந்து போகிறது. அவருக்குத் தேவைப்படுவது மேலும் வலிமையான அடி அன்று. கெட்டுப்போன ஓர் அடிக்குப் பின் எப்படி ஆடுவது என்னும் அறிவேயாகும். ஜோன்ஸ் கற்க ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட பாடமும் அதுவே.

இளமையில் மலர்ந்த திறமை

ஜோன்ஸ் 1902ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் அவர் நோயாளியாக இருந்தார். ஈஸ்ட் லேக் கோல்ப் திடலின் அருகில் குடும்பம் கோடைக் காலத்தைக் கழித்தபோது, அங்குப் பயிற்றுநராக இருந்த ஸ்டூவர்ட் மெய்டன் என்னும் ஸ்காட்லாந்துக்காரரைப் பின்தொடர்ந்து சென்று, அவர் மட்டையை வீசும் முறையைச் சிறுவர் ஜோன்ஸ் பார்த்துப் பழகினார். முறையான பாடம் எதுவும் நடைபெறவில்லை. குருவின் செயலே பாடமாயிற்று.

1916இல், தம் 14ஆம் வயதில், மெரியன் திடலில் நடைபெற்ற அமெரிக்க அமெச்சூர் போட்டியில் கால் இறுதிச் சுற்று வரை முன்னேறினார். நாடே வியந்தது. அடுத்து வரும் ஆண்டுகள் எல்லாம் அவருக்கே உரியவை என்று பலரும் எண்ணினர்.

அவ்வாறு நிகழவில்லை. 1916 முதல் 1922 வரை ஏழு ஆண்டுகள் அவர் தேசியப் பட்டம் ஒன்றையும் வெல்லவில்லை. விவிலியத்தில் வரும் யோசேப்பின் கதையை நினைவிற்கொண்டு, இவற்றை ஏழு வறண்ட ஆண்டுகள் என்று குறிப்பது கோல்ப் வரலாற்றில் வழக்கமாயிற்று.

சினம் என்னும் பகை

வறட்சிக்குக் காரணம் திறமைக் குறைவன்று. ஓர் அடி பிசகினால் இளைஞர் ஜோன்ஸால் அதனைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மட்டையை வீசி எறிவார், தம்மையே கடிந்துகொள்வார், அந்தச் சினத்தோடே அடுத்த அடியையும் அடிப்பார். வெகுளாமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவர், சினம் அதனைக் கொண்டவனையே முதலில் வருத்தும் என்பதை நன்கு உணர்ந்தவர். அவ்வுண்மைக்கு ஜோன்ஸின் இளமை சான்றாக அமைந்தது.

1921ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழந்திடலில் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி நடைபெற்றது. கோல்ப் ஆட்டத்தின் தாயகம் எனப் போற்றப்படும் அத்திடலில், மூன்றாம் சுற்றின் முதல் ஒன்பது குழிகளுக்கு ஜோன்ஸ் 46 அடிகளைச் செலவிட்டார். பதினோராவது குழியில் பந்து மணற்குழிக்குள் அகப்பட்டுக்கொண்டது. வெளிக்கொணரப் பலமுறை முயன்றும் பயனில்லை. அவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்து விலகினார். கோல்ப் ஆட்டத்தில் இது பெரும் இழுக்காகக் கருதப்படுவது. பிற்காலத்தில் ஜோன்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் வருந்திய செயலும் இதுவே.

அதே ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற அமெரிக்க அமெச்சூர் போட்டியில், அவர் சினத்தால் எறிந்த மட்டை பார்வையாளர் ஒருவரின் காலில் பட்டது. சினத்தை அடக்கக் கற்காவிடில் இனி எங்கள் போட்டிகளில் ஆட இயலாது என்று அமெரிக்கக் கோல்ப் சங்கம் எழுத்து மூலம் அவரை எச்சரித்தது. பத்தொன்பது வயதில் அவர் முன் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, தம்மை மாற்றிக்கொள்வது. மற்றொன்று, ஆட்டத்தையே இழப்பது.

பார் கிழவர்

மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. பெரியோர் சிலரின் ஆட்டம் அவருக்குக் கண்ணாடியாக அமைந்தது. 1913இல் ஈஸ்ட் லேக் திடலுக்கு வந்த ஹாரி வார்டன் என்னும் வீரரின் ஆட்டத்தை அவர் சிறுவராக இருந்தபோதே கண்டிருந்தார். வார்டனின் ஆட்டத்தில் ஆரவாரம் இல்லை. குழிக்குக் குழி பார் எண்ணை எட்டிக்கொண்டே அவர் அமைதியாகச் சென்றார். 1920இல் டொலீடோ நகரில் அதே வார்டனுடன் இணைந்து ஆடும் வாய்ப்பு ஜோன்ஸுக்குக் கிட்டியது. எளியதோர் அடியைப் பிசகவிட்ட இளைஞர், இதைவிட மோசமான அடியைப் பார்த்ததுண்டா என்று வினவினார். இல்லை என்ற ஒரே சொல்லோடு முதியவர் நடந்துவிட்டார். நேர்ந்துவிட்ட பிழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில் அவருக்கு நாட்டமில்லை.

நாளடைவில் ஜோன்ஸ் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். எதிரில் நிற்கும் மனிதரைப் பார்த்து ஆடும்போதெல்லாம் அவர் ஆட்டம் ஏறியும் இறங்கியும் அலைந்தது. ஆட்ட அட்டையில் அச்சிட்டிருக்கும் பார் எண்ணையே எதிரியாகக் கொண்டபோது அது நிலைபெற்றது. அந்த எண்ணுக்குப் பார் கிழவர் என்று பெயரிட்டார். அக்கிழவர் அற்புதம் எதுவும் செய்வதில்லை, பிழையும் செய்வதில்லை. எவருடைய வெற்றியைக் கண்டும் கலங்குவதில்லை. அவரோடு நெடுந்தொலைவு நடக்க விரும்புபவனுக்குப் பொறுமை வேண்டும்.

இப்பாடம் வேறொரு வகையிலும் அவருக்கு உணர்த்தப்பட்டது. 1926இல் புளோரிடாவில் வால்டர் ஹேகன் என்னும் தொழில்முறை வீரருடன் 72 குழிகள் கொண்ட ஆட்டம் ஒன்றில் ஜோன்ஸ் மோதினார். ஹேகனின் அடிகள் அங்குமிங்கும் சிதறின. ஆனால், பிழை நேரவே செய்யும் என்று எதிர்பார்த்தே களமிறங்குபவர் அவர். சிதறிய பந்தைக் குழியருகே கொண்டுவந்து உருட்டிச் சேர்ப்பதில் அவருக்கு நிகரில்லை. இன்னும் 11 குழிகள் எஞ்சியிருக்க, 12 குழிகள் வேறுபாட்டில் ஜோன்ஸ் தோற்றார். அழகான அடி வேறு, குறைந்த கணக்கு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

உருட்டும் அடியின் மதிப்பு

பார் எண் 72 என்றால், அதனுள் 36 அடிகள் குழியைச் சுற்றியுள்ள பசுந்தரையில் பந்தை உருட்டுவதற்கென ஒதுக்கப்பட்டவை. குழிக்கு இரண்டு என்பது கணக்கு. ஆட்டத்தின் சரிபாதி அங்கேதான் உள்ளது. ஆயினும், பெரும்பாலான அமெச்சூர் ஆட்டக்காரர்கள் தொலைவுக்கு அடிப்பதிலேயே தம் பயிற்சி நேரத்தைச் செலவிடுகின்றனர். ஜோன்ஸ் இதனை உணர்ந்தார். குழியின் விளிம்பை அடையும்போது பந்தின் வேகம் அடங்கிவிட வேண்டும் என்பது அவர் கொண்ட முறை. அவ்வாறு மெல்ல வரும் பந்து, குழியின் எந்தப் பக்கத்தை அணுகினாலும் உள்ளே விழ வாய்ப்புண்டு. தவறினாலும் நெடுந்தொலைவு ஓடிவிடாது.

1926இல் இங்கிலாந்தின் சன்னிங்டேல் திடலில், பிரிட்டிஷ் ஓப்பன் தகுதிச் சுற்றில் அவர் 66 அடிகளில் ஆடி முடித்தார். முதல் ஒன்பது குழிகளுக்கு 33; பின் ஒன்பதுக்கும் 33. அந்த 66இல் உருட்டிய அடிகள் 33. பிற அடிகள் 33. ஒரு பகுதி மற்றொன்றை விஞ்சாத அந்தச் சமநிலை கோல்ப் வரலாற்றில் இன்றும் போற்றப்படுகிறது.

தமக்குத் தாமே நடுவர்

1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டி வூஸ்டர் திடலில் நடைபெற்றது. முதல் சுற்றில், புல்லடர்ந்த இடத்தில் அடிக்கத் தயாரானபோது பந்து சிறிது அசைந்தது என்று ஜோன்ஸ் அறிவித்தார். வேறு எவரும் அதனைக் காணவில்லை. ஆயினும் தம் கணக்கில் தண்டனையாக ஓர் அடியைத் தாமே சேர்த்துக்கொண்டார். போட்டியின் முடிவில் அவரும் வில்லி மெக்பர்லேனும் சமநிலையில் நின்றனர். மீண்டும் ஆடியதில் ஜோன்ஸ் ஓர் அடியில் பட்டத்தை இழந்தார். தண்டனை அடி இல்லாதிருந்தால் மறு ஆட்டத்துக்கே தேவை இருந்திராது. பலர் பாராட்டியபோது அவர் அதனை ஏற்கவில்லை. திருடாமல் இருந்ததற்காக ஒருவனைப் பாராட்டுவது போன்றது அது என்று கருதினார்.

இதனை நேர்மைக் கதையாக மட்டும் கொள்ளுதல் போதாது. தம் கணக்கைத் தாமே ஏமாற்றிக்கொள்பவர் தம் குறை எது என்பதை என்றும் அறியமாட்டார். சலுகை எண்ணின் பயனும் இந்த நேர்மையையே அடித்தளமாகக் கொண்டுள்ளது.

வளமான ஆண்டுகள்

1923இல் இன்வுட் திடலில் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றதோடு வறட்சி நீங்கியது. 1930 வரை நான்கு அமெரிக்க ஓப்பன், மூன்று பிரிட்டிஷ் ஓப்பன், ஐந்து அமெரிக்க அமெச்சூர், ஒரு பிரிட்டிஷ் அமெச்சூர் என 13 பெரும் பட்டங்கள் அவர் கைக்கு வந்தன. இதற்கிடையே அவர் பொறியியலும் ஆங்கில இலக்கியமும் கற்றுப் பட்டம் பெற்றார். சட்டமும் பயின்று வழக்கறிஞரானார். இறுதிவரை அமெச்சூராகவே ஆடினார்.

1930ஆம் ஆண்டில், அக்காலத்துப் பெரும் போட்டிகள் நான்கையும் ஒரே ஆண்டில் வென்றார். அவற்றுள் ஹாய்லேக் திடலில் நடைபெற்ற பிரிட்டிஷ் ஓப்பன் இங்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. இறுதிச் சுற்றின் எட்டாவது குழியில் இரண்டே அடிகளில் பசுந்தரைக்கு மிக அருகில் வந்துவிட்டார். ஆனால், அங்கிருந்து குழியில் சேர்க்க மேலும் ஐந்து அடிகள் ஆயின. ஐந்தில் முடிய வேண்டிய குழிக்கு ஏழு. தொடக்க நிலை ஆட்டக்காரரும் நாணக்கூடிய பிழை அது. 1921இல் இத்தகைய நிலையில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டவர், இம்முறை அடுத்த குழிக்கு நடந்தார். எஞ்சிய குழிகளை ஒவ்வொன்றாக ஆடி, 291 அடிகளில் போட்டியை முடித்து, இரண்டு அடி வேறுபாட்டில் பட்டம் பெற்றார்.

இரண்டு நாள்களிலும் ஆடியவர் ஒருவரே. மட்டையை வீசும் முறையும் அதுவே. ஒன்பது ஆண்டுகளில் அவர் கற்றுக்கொண்டது ஏழு என்று எழுதிவிட்டு அடுத்த குழிக்கு நடப்பதையே. தம் சலுகை எண்ணைக் குறைக்க முயலும் தேர்ந்த அமெச்சூர் ஆட்டக்காரருக்குக் கூற வேண்டியவை அனைத்தும் அந்த நடையில் அடங்கியுள்ளன. மனிதரோடன்றி எண்ணோடு ஆடுதல், உருட்டும் அடிக்கு உரிய நேரத்தை அளித்தல், கணக்கில் நேர்மை காத்தல், போன அடியைப் போனதாக விடுதல் ஆகிய நான்கும் ஆற்றலைப் பெருக்குவன அல்ல. உள்ள ஆற்றல் சிந்திவிடாமல் காப்பன.

அதே 1930இல், 28ஆம் வயதில், ஜோன்ஸ் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். பிற்காலத்தில் தண்டுவட நோய் அவரை நடக்க முடியாதவராக்கியது. 1958இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவரை அழைத்துத் தன் நகரக் குடிமகனாக்கிச் சிறப்பித்தது. 1971 டிசம்பர் 18ஆம் நாள் அவர் மறைந்தார். மறு ஆண்டு, பழந்திடலின் பத்தாவது குழிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1921இல் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு விலகிய பதினோராவது குழி அதற்கு அடுத்து இருக்கிறது. பிழைக்கு முந்திய குழியில் அவர் பெயர் நிற்பது, அங்கு ஆட வருவோர்க்கெல்லாம் ஓர் எச்சரிக்கையாகவும் ஊக்கமாகவும் விளங்குகிறது.