பீர் வராத டேப்: ஒரு சோடா பீப்பாயின் பழைய கதை

இந்த எபிசோட் ஒரு அடைப்பைப் பத்தினது. சர்வர்ல இல்ல, பீர் குழாய்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்சைட்ல மின்னியாபொலிஸ்ல இருந்தேன். எங்க மேனேஜர் ரிட்டயர் ஆகுறார். அவர் வீட்டுத் தோட்டத்துல பார்ட்டி, நாப்பது பேர். அவரே காய்ச்சின பீர் ஒரு ஸ்டீல் பீப்பாய்ல இருக்கு. அதை அங்க கெக்னு சொல்வாங்க. டேப்பைத் திறந்தா நாலு சொட்டு நுரை வந்துச்சு, அவ்வளவுதான். நான் குடிக்கிறதில்ல. அதனாலயோ என்னவோ, "நீதான் இப்ப நிதானமா இருக்கே, வந்து பாரு"ன்னு என்னைக் கூப்பிட்டாங்க.

நானும் பெரிய இன்ஜினியர் மாதிரி ஸ்பேனரை எடுத்து மேல இருந்த நட்டைத் திருக ஆரம்பிச்சேன். மனுஷன் ஓடி வந்து என் கையைப் பிடிச்சு இழுத்தார். உள்ள கார்பன் டை ஆக்ஸைட் அழுத்தத்துல நிக்குது. அதை இறக்காம அந்த நட்டைக் கழட்டியிருந்தா நேரா என் முகத்துக்கு வந்திருக்கும். கண்ணு போயிருக்கலாம். இப்ப சிரிச்சுட்டே சொல்றேன், அன்னைக்கு கை நடுங்கிடுச்சு.

அப்புறம் அவர் சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். முதல்ல கேஸ் சிலிண்டரை மூடணும். கேஸ் லைனைப் பிடுங்கணும். மூடியில இருக்கிற ரிலீஃப் வால்வைத் தூக்கி, 'உஸ்ஸ்'ங்கிற சத்தம் முழுசா நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். அதுக்கப்புறம்தான் பீர் வெளிய வர்ற பக்கத்து நட்டைக் கழட்டணும். அதுக்குள்ள ஸ்பிரிங் வச்ச ஒரு குட்டி வால்வு, பாப்பெட்னு பேரு. அது முழுக்க பச்சையா தூள் அப்பியிருந்துச்சு. ஹாப்ஸ், அதாவது பீருக்குக் கசப்பும் வாசனையும் தர்ற பூ. நம்ம வீட்டு காபி ஃபில்டர்ல பொடி அடைச்சுக்கிட்டா டிகாக்ஷன் இறங்காதே, அதே கதைதான். கழுவி மாட்டினோம். பீர் வந்துச்சு, கைத்தட்டலும் வந்துச்சு.

ஆனா எனக்கு ஒரு கேள்வி நின்னுடுச்சு. அந்த வால்வுக்குக் கீழ ஒரு நீளமான குழாய் பீப்பாயோட அடிமட்டம் வரைக்கும் போகுது. பீர்ல ஈஸ்ட், ஹாப்ஸ் எல்லாம் படியிற இடமே அடிமட்டம்தான். சரியா அங்க இருந்து உறிஞ்சுற மாதிரி யார் டிசைன் பண்ணினது?

இந்தப் பிரச்சினை புதுசில்ல. மெசபடோமியாவுல மக்கள் ஒரே ஜாடியைச் சுத்தி உட்கார்ந்து நீளமான குழாய்ல பீர் குடிச்சாங்க. அவங்க உருளை முத்திரைகள்ல அந்தக் காட்சி செதுக்கியிருக்கு. ரஷ்யாவுல காகசஸ் மலைப்பக்கம் மய்கோப்னு ஒரு ஊர். அங்க 1897-ல ஒரு புதைமேட்டைத் தோண்டினப்போ, தங்கத்துலயும் வெள்ளியிலயும் செஞ்ச எட்டு குழாய் கிடைச்சுது. ஒவ்வொண்ணும் ஒரு மீட்டருக்கு மேல நீளம், வயசு 5,000 வருஷத்துக்கு மேல. செங்கோலா இருக்கும், பந்தல் கம்பா இருக்கும்னு ரொம்ப நாள் பேசினாங்க. 2022-ல வந்த ஒரு ஆய்வு, இது பீர் குடிக்கிற குழாய்தான்னு வாதாடிச்சு. ஏன்னா நுனியில வடிகட்டி இருந்துச்சு, அந்த வடிகட்டியில பார்லி மாவுச்சத்துத் துகளும் இருந்துச்சு. ஆக, பீருக்குன்னே யோசிச்சு செஞ்சவங்க வடிகட்டியை மறக்கல.

அப்போ நம்ம கெக்ல ஏன் வடிகட்டி இல்ல? ஏன்னா அது பீருக்காகச் செஞ்சதே இல்ல. சோடாக் கடைகளுக்கு சிரப் கொண்டுபோகச் செஞ்சது. மின்னசோட்டாவைச் சேர்ந்த கார்னேலியஸ் கம்பெனி பேர்ல இன்னிக்கும் அதை 'கார்னி கெக்'னு கூப்பிடுறாங்க. கொள்ளளவு அஞ்சு கேலன், சுமார் 19 லிட்டர். பெப்சி ஒரு வகை இணைப்பு, கோகோ கோலா வேற வகை இணைப்பு. சிரப்புல வண்டல் கிடையாது. கடைசிச் சொட்டு வரைக்கும் எடுக்கணும்னா குழாய் அடிமட்டத்தைத் தொடணும். அந்த வேலைக்கு அது சரியான டிசைன்.

இதே நேரத்துல சட்டமும் மாறுது. அமெரிக்காவுல மதுவிலக்கு 1933-ல முடிஞ்சாலும், வீட்டுல பீர் காய்ச்சுறதுக்கு ஃபெடரல் சட்டத்துல அனுமதி இல்ல. 1978 அக்டோபர்ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார், 1979 பிப்ரவரில அமலுக்கு வந்துச்சு. பெரியவங்க ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும் வரியில்லாம காய்ச்சலாம். ஆனாலும் ஒவ்வொரு மாநிலமா மாற வேண்டியிருந்துச்சு. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-லதான் அனுமதிச்சாங்க.

காய்ச்சுறவங்களுக்குப் பெரிய தலைவலி பாட்டில். ஒரு தடவை காய்ச்சினா அம்பது பாட்டில் கழுவணும். அப்போ சோடா கம்பெனிங்க அட்டைப்பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் பை வச்ச சிரப்புக்கு மாறிட்டாங்க. பழைய ஸ்டீல் கெக் எல்லாம் குறைஞ்ச விலைக்கு வெளிய வந்துச்சு. வீட்டுல காய்ச்சுறவங்க அள்ளிக்கிட்டாங்க. பீப்பாயோட சேர்த்து, அந்த அடிமட்டக் குழாயையும் அள்ளிக்கிட்டாங்க.

நம்ம பாஷையில இது லெகஸி சிஸ்டம். வேற யாரோ வேற தேவைக்கு எழுதின கோடை எடுத்து ஓட்டுறோம், ஒரு நாள் மாட்டிக்குது. இப்போ பீர் மேல மிதந்துக்கிட்டே உறிஞ்சுற குழாய் விக்குது, முனையில வலையும் போடலாம். மய்கோப்ல 5,000 வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஐடியாதான்.

மேனேஜர் அன்னைக்கு ராத்திரி என்னைத் திட்டல. ஒண்ணே ஒண்ணு சொன்னார்: எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி உள்ள என்ன அழுத்தம் இருக்குன்னு கேளு. இப்போ நான் பழைய கோடு திறக்கும்போதெல்லாம், இது முதல்ல யாருக்காக எழுதினதுன்னு பார்த்துட்டுதான் கை வைக்கிறேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே.